பழுப்பு மருந்தின் மேல் பழி

கேள்வி:

மதிப்பிற்குரிய டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். பாலக்கோடு பக்கம் மல்பெரி வைத்துப் பட்டுப்புழு வளர்க்கிறோம். என் வீட்டுக்காரருக்கு வயது 46. முதுகில் நெல்லிக்காய் அளவு ஒரு கட்டி இருந்தது. போன வருடம் அது சிவந்து பழுத்து, தானாக உடைந்து வடிந்து அடங்கிவிட்டது. மறுபடி வளர்ந்ததால் ஒரு தனியார் கிளினிக்கில் மரத்துப்போகிற ஊசி போட்டு எடுத்து, நான்கு தையல் போட்டார்கள். சுத்தமாக இருக்கட்டும் என்று முதல் நாள் ராத்திரியே பிளேடால் முதுகு முடியை நான் வழித்துவிட்டிருந்தேன். ஆறாம் நாள் தையல் ஓரம் சிவந்து சீழ் வர ஆரம்பித்துவிட்டது.

என் தங்கை வீட்டுக்காரருக்கும் ஓசூரில் தோளில் இதே மாதிரி கட்டி எடுத்தார்கள். அவருக்கு ஸ்பிரிட் வாசனை அடிக்கிற இளஞ்சிவப்பு மருந்தைத் தேய்த்தார்களாம். ஒரு தொந்தரவும் இல்லாமல் ஆறிவிட்டது. இவருக்கு அந்தப் பழைய பழுப்பு மருந்தைத்தான் தடவினார்கள். மட்டமான மருந்து போட்டதால்தான் சீழ் பிடித்ததா? அடுத்த மாதம் என் அம்மாவுக்கு வலது புருவத்து ஓரத்தில் ஒரு கட்டியை எடுக்க வேண்டும். சிவப்பு மருந்துதான் வேண்டும் என்று கேட்டு வாங்கலாமா? அம்மாவுக்கு மீன் சாப்பிட்டால் உடம்பு தடித்துவிடும், அதனால் அயோடின் ஆகாது என்றும் சொல்கிறார்கள். இவருடைய புண்ணை தினமும் டெட்டால் ஊற்றித் துடைக்கிறேன். ஹைட்ரஜன் பெராக்சைடும் ஊற்றினேன், நன்றாக நுரைத்தது.

பி.கு: ஆபரேஷனுக்கு முன்னால் லேபில் பார்த்தபோது சுகர் 248 இருந்தது. சாப்பிட்டுவிட்டுப் போனதால் அப்படி என்று விட்டுவிட்டோம்.

– ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மருந்தை விசாரிப்பதை அப்புறம் வைத்துக்கொள்வோம். முதலில் சீழ். இது உங்கள் கண்ணில் படுவதற்குள் அவரை அழைத்துப் போய்க் காட்டியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். காட்டவில்லை என்றால் இன்றைக்கே போங்கள். கட்டியை எடுத்த டாக்டரிடமே போகலாம். அவர்மேல் கோபமாக இருந்தால் அரசு மருத்துவமனைக்குப் போங்கள், ஆனால் வீட்டில் இருக்க வேண்டாம். ஒன்றிரண்டு தையலைப் பிரித்து, உள்ளே தேங்கியதை வெளியேற்றி, கழுவி, துணி வைத்துக் கட்டுவார்கள். தையலைப் பிரித்தால் புண் பெரிதாகிவிடுமே என்று எல்லோரும் பயப்படுவார்கள். சீழை உள்ளே வைத்துக்கொண்டு மேலே தையலைக் காப்பாற்றுவது, கூடைக்குள் அழுகிய தக்காளி இருக்கும்போது மேலே சாக்கைப் போட்டு மூடுவது மாதிரி. பாலக்கோட்டுக்காரருக்கு அதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. சீழ் முழுக்க வெளியேறிவிட்டால் பல புண்களுக்கு ஆண்டிபயாடிக் மாத்திரையே தேவைப்படாது. சுற்றிலும் சிவப்பு நான்கு விரற்கடைக்கு மேல் பரவினால், 101 டிகிரிக்கு மேல் காய்ச்சல் அடித்தால், குளிர் நடுக்கம் வந்தால் அது வேறு கதை. அப்போது ராத்திரியானாலும் காத்திருக்கக் கூடாது.

அடுத்தது உங்கள் பி.கு. கடிதத்தின் கடைசி வரியாக நீங்கள் எழுதியதைத்தான் நான் முதலில் படித்தேன். சாப்பிட்டிருந்தாலும் 248 என்பது இயல்பான கணக்கு அல்ல. சர்க்கரை நோய் இல்லாதவருக்கு வயிறு முட்டச் சாப்பிட்டாலும் அவ்வளவு ஏறாது. வெறும் வயிற்றில் ஒரு தடவையும், மூன்று மாத சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையையும் இந்த வாரமே எடுத்துவிடுங்கள். ரத்தத்தில் சர்க்கரை ஏறிக் கிடந்தால், கிருமியை விரட்டிப் பிடிக்க வேண்டிய வெள்ளை அணுக்கள் மந்தமாகிவிடும். புண் ஆறுவதும் தள்ளிப்போகும். அந்தச் சீட்டைப் பார்த்த பிறகும் கத்தியை எடுத்திருந்தால் அந்த டாக்டர் மேல் எனக்கும் வருத்தம்தான். அவசரமில்லாத கட்டி, இரண்டு வாரம் கழித்து எடுத்திருக்கலாம். ஆனால் அந்தச் சீட்டை நீங்கள் அவரிடம் காட்டினீர்களா என்பது கடிதத்தில் இல்லை.

கட்டியும் லேசுப்பட்டதில்லை. ஒருமுறை பழுத்து உடைந்த கட்டி உள்ளே அக்கம்பக்கத்துச் சதையோடு ஒட்டி, தழும்பு கட்டிக் கிடக்கும். அதன் பையில் கிருமி குடியிருக்கவும் வாய்ப்பு உண்டு. தொந்தரவே தராத கட்டியை எடுப்பதைவிட அதை எடுத்த இடத்தில் சீழ் பிடிக்கும் வாய்ப்பு அதிகம். உங்கள் தங்கை வீட்டுக்காரரின் தோள்கட்டி முன்பு பழுத்திருந்ததாக நீங்கள் எழுதவில்லை. இரண்டும் ஒரே மாதிரி கட்டி என்பதை அதனால் நான் அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பிளேடு விஷயத்தைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. நல்லது என்று நினைத்துத்தான் செய்தீர்கள். நான் படித்துவிட்டு வந்த காலத்தில் எங்கள் வார்டுகளிலேயே முதல் நாள் மாலை நோயாளிகளை வரிசையாக உட்கார வைத்து வழிப்பார்கள். பிளேடு தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல்களை உண்டாக்குகிறது. ஒரு ராத்திரி முழுக்க அந்தக் கீறல்களில் கிருமி பெருகுகிறது. காலையில் மேலே எந்த மருந்தைத் தடவினாலும் கீறலுக்குள் இருப்பது முழுசாகச் சாகாது. முடியை எடுக்காமலே இருப்பது நல்லது, எடுத்தே தீர வேண்டும் என்றால் கிளிப்பர் மெஷினால் வெட்ட வேண்டும், பிளேடால் வழிக்கவே கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் அழுத்தமாகவே இருக்கிறது.

இன்னொன்று என் ஊகம். கூடு கட்டுவதற்கு முந்தைய ஐந்தாம் பருவத்தில் புழு தின்கிற வேகத்துக்குத் தழை வெட்ட ஆள் போதாது. ஆகவே மூன்றாம் நாளே அவர் தழைக்கட்டைத் தூக்கி முதுகில் போட்டிருப்பார். இல்லை என்றால் அவரிடம் என் மன்னிப்பைச் சொல்லிவிடுங்கள்.

இப்போது மருந்துக்கு வருகிறேன்.

பழுப்பு மருந்து போவிடோன் அயோடின். பீட்டாடைன் என்ற பெயரில் எல்லோருக்கும் தெரியும். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டு வந்தால் டிங்சர் என்று ஒன்றைத் தடவுவார்களே, உயிர் போகிற மாதிரி எரியும், அதுவும் அயோடின்தான். 1950-களில் அதே அயோடினை போவிடோன் என்ற பொருளோடு கட்டிவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும்படி செய்தார்கள். எரிச்சல் குறைந்தது. பாக்டீரியா, பூஞ்சை, வைரஸ் என்று பலதரப்பட்ட கிருமிகளையும் கொல்லும். இதன் பலவீனம், ரத்தமும் சீழும் பட்டால் வீரியம் குறைந்துவிடுவது.

ஓசூரில் தேய்த்தது, நீங்கள் சொல்லும் வாசனையையும் நிறத்தையும் வைத்துப் பார்த்தால், ஸ்பிரிட்டில் கலந்த குளோர்ஹெக்சிடினாக இருக்கும். குளோர்ஹெக்சிடினும் ஏறக்குறைய அதே வயதுதான், 1950-களில் இங்கிலாந்தில் உருவானது. இது தோலில் ஒட்டிக்கொண்டு பல மணி நேரம் வேலை செய்யும், ரத்தம் பட்டாலும் அவ்வளவாகச் சோர்ந்துபோகாது. அத்தியாவசிய மருந்துகள் என்று உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் பட்டியலில் இரண்டுமே இருக்கின்றன. ஆகவே ‘மட்டமான மருந்து’ என்ற சொல்லை இரண்டுக்குமே போட முடியாது.

அப்படியானால் எது உசத்தி? 2010-இல் அமெரிக்காவில் ஆறு மருத்துவமனைகளில் 849 பேரிடம் செய்த ஓர் ஆய்வு வெளியானது. ஸ்பிரிட் கலந்த குளோர்ஹெக்சிடின் போட்டவர்களில் 9.5 சதவீதம் பேருக்கும், போவிடோன் அயோடின் போட்டவர்களில் 16.1 சதவீதம் பேருக்கும் அறுவைப் புண்ணில் தொற்று வந்தது. பெரிய வித்தியாசம். உலகம் முழுக்க ஆபரேஷன் தியேட்டர்களில் பாட்டிலின் நிறம் மாறியதற்கு இதுவும் ஒரு காரணம். நானும் மாறினேன். ஆனால் அந்தப் பந்தயத்தில் ஒரு குதிரைக்கு மட்டும் இரட்டைத் தீவனம். குளோர்ஹெக்சிடினோடு 70 சதவீதம் ஆல்கஹால் சேர்ந்திருந்தது. அயோடினோ வெறும் தண்ணீரில் கரைத்தது. ஜெயித்தது குளோர்ஹெக்சிடினா ஆல்கஹாலா என்று அந்த ஆய்வை வைத்துச் சொல்ல முடியாது. அதுவும் வயிறு, குடல் என்று பெரிய ஆபரேஷன்களில் பார்த்த கணக்கு.

சரிசமமான பந்தயம் பிறகுதான் நடந்தது. சுவிட்சர்லாந்தில் மூன்று மருத்துவமனைகளில், இதயத்திலும் வயிற்றிலும் ஆபரேஷன் செய்துகொண்ட 3,300-க்கும் மேற்பட்டவர்களிடம் இரண்டு மருந்தையுமே ஆல்கஹாலில் கலந்து போட்டுப் பார்த்தார்கள். 2024-இல் முடிவு வந்தது. அயோடினுக்கு 5.1 சதவீதம், குளோர்ஹெக்சிடினுக்கு 5.5 சதவீதம். அதாவது வித்தியாசம் இல்லை.

அவை பெரிய ஆபரேஷன்கள். உங்களுக்கு வேண்டியது தோலில் செய்கிற சின்ன ஆபரேஷனின் கணக்கு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், நம் ஊர் மாதிரியே வெயிலும் வியர்வையும் உள்ள பகுதியில், குடும்ப டாக்டர்கள் தங்கள் கிளினிக்கிலேயே மச்சம், தோல்கட்டி எடுப்பவர்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். பாதிப்பேருக்கு ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்சிடின், மீதிப்பேருக்குத் தண்ணீரில் கரைத்த குளோர்ஹெக்சிடின். 900 பேருக்கு மேல் கடைசி வரை கூடவே இருந்து பார்த்தார்கள். ஆல்கஹால் பக்கம் 5.8 சதவீதம், தண்ணீர் பக்கம் 6.8 சதவீதம். நூறு பேருக்கு ஒருவர் வித்தியாசம். அது தற்செயலாகவும் வரக்கூடியதுதான் என்று புள்ளிவிவரம் சொல்கிறது. சின்னத் தோல் ஆபரேஷனில் எந்தப் பாட்டில் என்பதற்காகச் சண்டை போட வேண்டியதில்லை என்று நான் முடிவு செய்தது இதையெல்லாம் படித்த பிறகுதான். என்னைக் கேட்டால் முதுகு, தோள் போன்ற இடங்களில் ஆல்கஹால் கலந்ததை எடுப்பேன், வேகமாக வேலை செய்யும் என்பதற்காக. அது இல்லை, பழுப்பு மருந்துதான் இருக்கிறது என்றால் ஆபரேஷனைத் தள்ளிப்போட மாட்டேன்.

இந்த ஆய்வுகளில் இன்னொன்றையும் கவனியுங்கள். எந்தப் பக்கமும் பூஜ்யம் இல்லை. தோலின் மேல்பரப்பில் இருக்கும் கிருமியைக் கொல்லலாம். முடி வேரிலும் வியர்வைச் சுரப்பியிலும் ஒளிந்திருப்பதை எந்த மருந்தாலும் முழுக்கத் துடைக்க முடியாது. நல்ல டாக்டர், நல்ல மருந்து, நல்ல நோயாளி எல்லாம் அமைந்தும் நூற்றில் ஐந்தாறு பேருக்குச் சீழ் வரத்தான் செய்கிறது.

பாட்டிலைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அதைப் போடும் விதம். உங்கள் தொழிலில் இருந்தே சொல்கிறேன். ஒரு ஈடு, அதாவது ஒரு தடவை வளர்க்கிற புழு முடிந்து, பட்டுக்கூட்டை தருமபுரி அங்காடியில் போட்டுவிட்டு வந்ததும் என்ன செய்கிறீர்கள்? புழு மனையையும் தட்டுகளையும் தேய்த்துக் கழுவி, காய வைத்து, அதற்கப்புறம்தானே பிளீச்சிங் கரைசல் அடிக்கிறீர்கள்? எச்சமும் மிச்சத் தழையும் கிடக்கும்போதே அடித்தால் அடுத்த ஈட்டில் பால்புழு நோய் வந்து நிற்கும். திறந்து கிடந்த பிளீச்சிங் பவுடர் வீரியம் இழந்துபோகும் என்பதும் உங்களுக்குத் தெரியும். தோலும் அப்படித்தான். வியர்வையும் மண்ணும் எண்ணெயும் உள்ள முதுகை முதலில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். அன்று காலை வீட்டில் குளித்துவிட்டு வருவதே பாதி வேலை. பிறகு மருந்தைத் தடவி, காய விட வேண்டும். ஆல்கஹால் கலந்தது என்றால் முடியில்லாத தோலில் மூன்று நிமிடமாவது காய வேண்டும். பழுப்பு மருந்தையும் இரண்டு மூன்று நிமிடம் அப்படியே விட வேண்டும். அவசரத்தில் தடவிய கையோடு பஞ்சால் ஒற்றி எடுத்துவிட்டுக் கத்தி வைத்தால், மருந்து நிறம் கொடுத்ததோடு சரி. வெளியே முப்பது பேர் உட்கார்ந்திருக்கும்போது மூன்று நிமிடம் சும்மா நிற்பது எங்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆல்கஹால் காய வேண்டியதற்கு இன்னொரு காரணம் நெருப்பு. ரத்தத்தை நிறுத்த மின்சாரத்தால் சுடுகிற கருவி வைப்போம். ஈரம் காயாமல் துணியிலோ தலைமுடியிலோ ஸ்பிரிட் தேங்கியிருந்தால் குப்பென்று பிடித்துக்கொள்ளும்.

பாட்டில் பற்றி ஒரு பழைய கதை. வேலையில் சேர்ந்த புதிதில் நான் இருந்த ஒரு தாலுகா மருத்துவமனையில், டிரெஸ்ஸிங் மேசையில் கிருமிநாசினி வைக்கும் கண்ணாடிக் குப்பி ஒன்று இருந்தது. தீரத் தீர அதிலேயே ஊற்றி நிரப்புவோம். அது ஒருநாளும் காலியானதில்லை, அதனால் ஒருநாளும் கழுவப்பட்டதும் இல்லை. வரிசையாக நாலைந்து பேருக்குப் பச்சை நிறத்தில் சீழ் வந்த பிறகுதான் ஒரு வயதான நர்ஸம்மா அந்தக் குப்பியைத் தூக்கிப் போட்டார். சூடோமோனாஸ் மாதிரி சில கிருமிகள் நீர்த்துப்போன கிருமிநாசினிக்குள்ளேயே குடும்பம் நடத்தும் என்பதைப் புத்தகத்தில் படித்திருந்தேன், நம்பியது அன்றைக்குத்தான். பெரிய பாட்டிலில் இருந்து சின்னப் பாட்டிலுக்கு ஊற்றி மாதக்கணக்கில் வைத்துக்கொள்வது, எந்த நிறமானாலும், ஆபத்து.

வீட்டு வைத்தியத்துக்கு வருகிறேன். ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைப்பதைப் பார்த்தால் கிருமி சாகிற மாதிரிதான் தோன்றும். நம் ரத்தத்திலும் சதையிலும் இருக்கும் ஒரு நொதி பட்டாலே அது நுரைக்கும். சுத்தமான புண்ணில் ஊற்றினாலும் நுரைக்கும். ஆறுவதற்காக வளர்ந்துவரும் புதுச் செல்களையும் சேர்த்துத்தான் அது கொல்கிறது. நிறுத்திவிடுங்கள். டெட்டாலும் வேண்டாம். அதை நீர்க்காமல் ஊற்றித் தோல் வெந்துபோய் வந்தவர்களை எனக்குத் தெரியும். மஞ்சள் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்காதவர்கள்தான் வைப்பார்கள் என்பதால் சொல்கிறேன், அது குழம்பில் இருக்கட்டும். சீழ் இல்லாத சாதாரணத் தையல் புண்ணுக்குச் சுத்தமான தண்ணீரும் சோப்பும் போதும். அதே குயின்ஸ்லாந்தில் 857 பேரிடம் இதையும் சோதித்திருக்கிறார்கள். இரண்டு நாளைக்குத் தண்ணீரே படாமல் மூடி வைத்தவர்களுக்கு 8.9 சதவீதம், கட்டைப் பிரித்து நனைய விட்டவர்களுக்கு 8.4 சதவீதம். குளிக்கலாம் என்பதற்காகக் கிணற்றில் குதிக்கலாம் என்று அவரிடம் சொல்லிவிடாதீர்கள். இப்போது சீழ் உள்ள புண்ணை எப்படிக் கழுவுவது என்பதை, அதைத் திறந்து பார்க்கிற டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

கடைசியாக அம்மா. எந்த மருந்து என்பது உண்மையிலேயே முக்கியமாகிற இடம் இந்த ஒன்றுதான், ஆனால் நீங்கள் நினைப்பதற்கு நேர்மாறாக. புருவ ஓரத்துக்கு நீங்கள் கேட்கிற சிவப்பு மருந்து வேண்டாம். குளோர்ஹெக்சிடின் கண்ணுக்குள் வழிந்தால் கருவிழியைப் புண்ணாக்கி, பார்வையையே கெடுத்துவிடக்கூடும். கூட இருக்கிற ஆல்கஹாலும் கண்ணுக்கு ஆகாது. காதுக்குள்ளும் அதை விடக் கூடாது. தண்ணீரில் கரைத்த பழுப்பு மருந்துதான் அங்கே சரி. கண் ஆபரேஷனுக்கு முன்னால்கூட அதையே 5 சதவீத அளவில் கண்ணுக்குள் விடுகிறார்கள். நீங்கள் மட்டம் என்று சொன்ன அதே மருந்துதான்.

மீன் கதையை விட்டுவிடுங்கள். மீன் சாப்பிட்டுத் தடிப்பது அதிலுள்ள புரதத்தால், அயோடினால் அல்ல. அம்மா தினமும் அயோடின் கலந்த உப்பைத்தானே சாப்பிடுகிறார்? முன்பு எப்போதாவது இந்தப் பழுப்பு மருந்தையே தடவி அந்த இடம் கொப்பளித்திருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். தைராய்டுக்கு மாத்திரை எடுக்கிறார் என்றாலும் சொல்லிவிடுங்கள், ஒருமுறை கொஞ்சமாகத் தடவுவதால் பெரிதாக எதுவும் ஆகாது என்றாலும் டாக்டருக்குத் தெரிந்திருக்கட்டும். அவருக்கும் சர்க்கரை பார்த்துவிட்டு, அந்தச் சீட்டை இந்தத் தடவை கையோடு கொண்டு போங்கள்.

அன்று காலை அம்மா தலைக்குக் குளித்து, முகத்தைச் சோப்பால் கழுவி, பவுடர், பொட்டு, மை எதுவும் இல்லாமல் வரட்டும். முகத்தில் ரத்த ஓட்டம் அதிகம் என்பதால் புண் சீக்கிரம் ஆறும், ஐந்தாறு நாளில் தையல் பிரித்துவிடுவார்கள். புருவத்தை மட்டும் யாரும் வழிக்க வேண்டாம். நாங்களே வழிக்க மாட்டோம். தைக்கும்போது இரண்டு ஓரமும் நேராகச் சேர்ந்திருக்கிறதா என்பதற்கு அந்த முடிவரிசைதான் அடையாளம். வழித்த புருவம் சிலருக்குச் சரியாக முளைப்பதும் இல்லை.